வேகமானியின் அநுமானம்

ஓட்டுநரின் கண்ணெதிரே ஒரு வட்டத் தகட்டின்மேல் முள்ளை அசைத்துக்கொண்டு, மணிக்கு இத்தனை மைல் என்று ஓயாமல் அறிவித்து வருகிற வேகமானி, சாலையைத் தொட்டதுமில்லை, பார்த்ததுமில்லை. கியர் பெட்டியின் பின்கோடியில் ஒரு தண்டு சுழல்கிறது. அந்தச் சுழற்சி ஒரு கேபிளின் வழியாக அதனிடம் வந்து சேர்கிறது. இத்தனை சுழற்சிக்கு இத்தனை தூரம் என்று ஒரு கணக்கைத் தொழிற்சாலையிலேயே அதற்குள் அமைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பி, வந்து சேர்ந்த சுழற்சியைக் கொண்டு வேகத்தை ஊகித்துச் சொல்வதே அதன் தொழில். அறிவு பிறக்கும் வழிகளைப் பிரத்தியட்சம் என்றும் அநுமானம் என்றும் பிரித்துக் காட்டிய நம் தர்க்க சாஸ்திரிகளின் கையில் இக்கருவி கிடைத்திருந்தால், ஒரு கணமும் தயங்காமல் அதை அநுமானத்தின் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

வேகமானி பிசகுகிறபோது நாம் நினைவில் கொள்ளவேண்டிய முதல் விஷயம் இதுதான். செய்தி பிறக்கும் இடம், அது வரும் வழி, அதைப் படித்துச் சொல்லும் கருவி என்று மூன்று ஸ்தானங்கள் இருக்கின்றன; மூன்றும் செம்மையாக இருந்தும் முள் பொய் சொல்லுமானால், நான்காவதாக, கணக்குக்கு ஆதாரமாக வைத்த எண்ணே மாறிவிட்டது என்று கொள்ளவேண்டும். இந்த நான்கில் தோஷம் எதிலே என்று நிர்ணயிப்பதற்கு விலையுயர்ந்த உபகரணங்கள் தேவையில்லை. எது எதோடு சேர்ந்து கெடுகிறது, எது கெட்டாலும் எது கெடாமல் நிற்கிறது என்று பொறுமையாகக் கவனிக்கும் புத்தி ஒன்றே பெரும்பாலும் போதும். ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வேலையில் பாதி முடிந்துவிடும்.

நாம் உதாரணமாக எடுத்துக்கொள்வது அமெரிக்க நாட்டில் பிக்கப் என்று வழங்கும் சிறு லாரி. பண்ணையிலும் கட்டட வேலையிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் இவ்வண்டிகளை, அவற்றின் சொந்தக்காரர்கள் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பழுது பார்த்துக்கொள்கிறார்கள். பழைய காலத்துக் கேபிள் வேகமானியையும், அதற்குப் பின் வந்த மின்சார வேகமானியையும் ஒரே குலத்து வண்டிகளில் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிற சௌகரியமும் இதில் இருக்கிறது.

சுற்றை எண்ணித் தூரம் சொல்லுதல்

சக்கரத்தின் சுற்றை எண்ணித் தூரத்தை ஊகிக்கும் யுக்தி மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற ரோமானியச் சிற்பாசாரியர், தான் கடந்த தூரத்தைத் தானே எண்ணிக்கொள்ளும் வண்டி ஒன்றைத் தமது நூலின் பத்தாம் பகுதியில் வருணித்திருக்கிறார். அதன் சக்கரத்தின் விட்டம் 4 அடி; ஒரு சுற்றுக்கு வண்டி 12½ அடி நகரும் என்பது அவர் கொண்ட கணக்கு; ஆகவே 400 சுற்றுக்கு 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல் நிறைவேறும். 400 பற்களை உடைய பெருஞ்சக்கரம் ஒன்று அத்தனை சுற்றையும் எண்ணிமுடித்த தருணத்தில், ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழுந்து ஓசை எழுப்பும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. 4 அடி விட்டமுள்ள வட்டத்தின் உண்மையான சுற்றளவு 12½ அடியன்று, ஏறக்குறைய 12.57 அடி. பற்களெல்லாம் பழுதின்றிப் பொருந்தி, கல் ஒன்றுகூடத் தவறாமல் விழுந்தாலும், ஒவ்வொரு மைலும் சுமார் அரை விழுக்காடு நீண்டே போயிருக்கும். யந்திரத்தில் குற்றமில்லை, அதற்குக் கொடுத்த எண்ணில்தான் குற்றம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், வேறு அளவு டயரை மாட்டிக்கொண்டு புறப்படும் ஒவ்வொரு பிக்கப்பும் இதே குற்றத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

இப்போது அந்தப் பிக்கப்பின் அடியில் குனிந்து பார்ப்போம். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டின்மேல், திருகுபோல் வெட்டிய சிறு பற்சக்கரம் ஒன்று அமைந்திருக்கும். அதனோடு குறுக்காகப் பொருந்தி நிற்பது நைலானால் ஆன சின்ன பினியன். பினியனின் நடுத்துளையில் சதுரமான நுனியைச் செருகிக்கொண்டு கேபிள் புறப்படுகிறது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள இக்கேபிள், மெல்லிய எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காக, ஓர் அடுக்கு வலமாகவும் அடுத்த அடுக்கு இடமாகவும் சுற்றிச் செய்யப்பட்டது. வளைந்து போகவேண்டும், ஆனால் முறுக்கினால் முறுகிப்போகாமல் ஒரு கோடியின் சுழற்சியை மறுகோடிக்கு அப்படியே கொடுக்கவேண்டும் என்ற இரு முரண்பட்ட நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது இந்த எதிரெதிர்ச் சுற்றுதான். உறைக்குள்ளே சுழன்றபடி, எஞ்சின் அறையைக் கடந்து, டாஷ்போர்டின் பின்புறத்தில் அது வேகமானியைச் சேர்கிறது.

அமெரிக்க வண்டிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம், மைல் ஒன்றுக்குக் கேபிள் 1,000 முறை சுழலவேண்டும் என்பது. மணிக்கு 60 மைல் என்றால் நிமிஷத்துக்கு ஒரு மைல். ஆகையால் அந்த வேகத்தில் கேபிள் நிமிஷத்துக்கு 1,000 சுழற்சி சுழலும். ஒரு வண்டியின் டயர் மைலுக்கு 728 முறை சுற்றுவதாகவும், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நீண்ட தண்டு 3.73 முறை சுற்றுவதாகவும், தண்டின்மேலுள்ள திருகுச் சக்கரத்துக்கு 7 பல் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இம்மூன்றையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 19 வருகிறது. பினியனுக்கு 19 பல் இருக்கவேண்டும். வேகமானியின் அநுமானம் முழுவதும் இந்த ஒரு பெருக்கலின்மேல்தான் நிற்கிறது.

தொடாமல் இழுக்கும் காந்தம்

சுழற்சி வந்து சேர்ந்தபின் அது முள்ளின் சாய்வாக எப்படி மாறுகிறது? 1820-களில் பிரெஞ்சு விஞ்ஞானி பிரான்ஸுவா அராகோ, செப்புத் தகடு ஒன்றைச் சுழற்றினால், அதன்மேல் தொடாமல் தொங்கும் காந்த ஊசியும் அதோடு சேர்ந்து இழுபடுவதைக் கண்டார். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை; பின் எதனால் இழுபடுகிறது என்பது சில ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1831-இல் மைக்கேல் பாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தபின் விடை கிடைத்தது. காந்தத்துக்கும் உலோகத்துக்கும் இடையே இயக்கம் இருக்கிறவரை உலோகத்தினுள்ளே மின்னோட்டங்கள் சுழித்துச் சுழித்துப் பிறக்கின்றன. அவ்வோட்டங்கள் தாமே காந்தங்களாகி, தம்மைப் பிறப்பித்த இயக்க வேற்றுமையைக் குறைக்கவே முயல்கின்றன. ஜெர்மானியப் பொறியாளரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் இத்தத்துவத்தை வேகமானியில் அமைத்துக் காப்புரிமை கோரினார். அவர் வகுத்த அமைப்பு, அடிப்படை மாறாமல், அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் உலகெங்கும் வண்டிகளில் ஓடிற்று.

வேகமானியைத் திறந்து பார்த்தால், கேபிளோடு சேர்ந்து சுழலும் நிலைக்காந்தம் ஒன்றும், அதை மூடியதுபோல் ஆனால் எங்கும் தொடாமல் கவிந்திருக்கும் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்றும் தெரியும். முள் கிண்ணத்தின் தண்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. காந்தம் சுழலச் சுழல, கிண்ணத்தில் பிறக்கும் மின்னோட்டம் அதையும் கூடவே இழுத்துப்போகப் பார்க்கிறது. ஆனால் மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழுக்கும் விசை காந்தத்தின் வேகத்தைப் பொறுத்து ஒரே விகிதத்தில் கூடுகிறது. தடுக்கும் விசை கிண்ணம் திரும்பிய கோணத்தைப் பொறுத்து ஒரே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. தகட்டின்மேல் 10, 20, 30 என்ற கோடுகளைச் சமமான இடைவெளியில் வரைய முடிவது இந்த இரண்டு நேர் விகிதங்களின் பயனேயாகும்.

இதில் இன்னொரு நுட்பத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அலுமினியம் சூடேறினால் அதன் மின்தடை, பாகை செல்சியஸ் ஒன்றுக்குச் சுமார் 0.4 விழுக்காடு அதிகரிக்கிறது. தடை அதிகரித்தால் மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் இழுப்பும் குறைகிறது. பனிக்காலத்துக் காலையில் 60 காட்டிய முள், கோடைக்காலத்து நண்பகலில் அதே வேகத்துக்கு 50-ஐ ஒட்டிக் காட்டும் நிலை இதனால் ஏற்பட்டிருக்கும். இதற்கு நிவாரணமாக, காந்தத்தின் விசையில் ஒரு பகுதியைக் குறுக்கே வாங்கிக்கொள்ளும்படி, நிக்கலும் இரும்பும் கலந்த உலோகத் துண்டு ஒன்றைக் காந்தத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். சூடேறினால் காந்த விசையைக் கடத்தும் சக்தி அந்த உலோகத்துக்குக் குறைந்துபோகும். அது வாங்கிக்கொள்ளாமல் விட்ட விசை கிண்ணத்துக்குப் போய்ச் சேர்ந்து, அலுமினியத்தில் நேர்ந்த குறையை ஈடுசெய்துவிடும்.

இரண்டு சாட்சிகள்

வேகமானியின் முகத்தில் முள்ளைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. கடந்த மைல்களை எண்ணும் தூரமானி. காந்தத்தைச் சுழற்றும் அதே தண்டு, திருகுச் சக்கரங்கள் சிலவற்றின் வழியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எண் பொறித்த உருளைகளையும் திருப்புகிறது. ஆகவே டயரிலிருந்து வேகமானியின் வாயில்வரை முள்ளுக்கும் தூரமானிக்கும் வழி ஒன்று. வாயிலைத் தாண்டியபின் வழி இரண்டு. முள்ளை அசைப்பது காந்தம். எண்ணைத் திருப்புவது பல். நோயை நிதானிக்க முனைபவனுக்கு இதைவிடச் சிறந்த அநுகூலம் கிடைக்காது.

ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்றும் இருப்பது அன்வயம். ஒன்று இல்லாதவிடத்தில் மற்றொன்றும் இல்லாமற்போவது வியதிரேகம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்துக் காரண காரிய சம்பந்தத்தை நிர்ணயிக்கவேண்டும் என்ற தர்க்க நூலின் நெறி, இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. முள்ளும் அசையவில்லை, எண்ணும் நகரவில்லை என்றால், தோஷம் இரண்டுக்கும் பொதுவான வழியில் இருக்கிறது; வேகமானியைக் கழற்றுவது வீண் வேலை. எண் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருக்க முள் மட்டும் படுத்துவிட்டால், கேபிளும் பினியனும் குற்றமற்றவை என்பதற்கு எண்ணே சாட்சி. கிண்ணத்தையும் சுருள்வில்லையும் அவை ஊன்றிய முனைகளையும்தான் பார்க்கவேண்டும். முள் சரியாகக் காட்ட எண் மட்டும் நின்றுபோனால், உருளைகளைத் திருப்பும் சிறு பற்சக்கரத்தில் பல் போயிருக்கும்.

இரண்டும் நின்றுபோன சந்தர்ப்பத்தில், பொதுவழியை நடுவில் வெட்டிப் பார்ப்பதே உத்தமமான முறை. கேபிளின் மேல் நுனியை வேகமானியிலிருந்து கழற்றிவிட்டு, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் அச்சை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரில் மெதுவாக ஓடவிட்டால், கேபிளின் சதுர நுனி சுழல்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சுழன்றால், அதற்குக் கீழே உள்ளவை யாவும் சந்தேகத்திலிருந்து விடுதலை பெறுகின்றன. சுழலாவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேபிளை உறையிலிருந்து உருவிப் பார்க்கவேண்டும். அறுந்த கேபிள் குட்டையாக வந்துவிடும். முழுதாக வந்தால் சந்தேகம் பினியனின்மேல் விழுகிறது. வேகமானியைத் தனியே பரீட்சிக்க விரும்பினால், பழைய கேபிளின் சதுர நுனித் துண்டு ஒன்றை ட்ரில் மெஷினில் மாட்டி, கேபிள் சுழலும் திசையிலேயே சுழற்றலாம். நிமிஷத்துக்கு 1,000 சுழற்சியில் முள் 60-இல் நிற்கவேண்டும்.

பினியனில் பல் தேய்ந்திருப்பதைக் கண்டவுடன் புதியதைப் போட்டு மூடிவிடுவதோடு பலர் திருப்தியடைகிறார்கள். நைலானை வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறார்கள். மேலே எங்கேயாவது கேபிளோ காந்தத்தின் தண்டோ இறுகிக்கொண்டால், எஃகுப் பற்கள் உடைந்து கியர் பெட்டிக்குள் விழாமல், இந்தச் சிறு சக்கரமே தன் பல்லைக் கொடுத்துவிடும். ஆகையால் பினியனின் அழிவு பெரும்பாலும் காரணமன்று, காரியம். கேபிளை விரலால் சுழற்றிப் பார்த்து, அது தடையின்றித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளாமல் போட்ட புதிய பினியனும் பழையதன் கதியைத்தான் அடையும்.

ஆடும் முள்

முள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பது பழைய வண்டிகளில் மிகவும் சாதாரணமான உபத்திரவம். 15, 20 மைல் வேகத்தில் ஒரு கணம் தயங்கும். மறுகணம் 30-க்குத் துள்ளும். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்கும். கிரீஸ் உலர்ந்த உறையிலோ, கூர்மையாக மடங்கிய வளைவிலோ கேபிள் ஒட்டிக்கொள்ளும்போது, கீழ்க்கோடி சுழன்றுகொண்டே இருக்க மேற்கோடி நின்றுவிடுகிறது. ஈரத் துணியைப் பிழியும்போது ஏறுகிற முறுக்கைப்போல் கேபிளின் நெடுகிலும் முறுக்கு ஏறுகிறது. முறுக்கு உராய்வை வென்றவுடன் தேங்கியிருந்த சுழற்சியெல்லாம் ஒரே வீச்சில் விடுபடுகிறது. முள் அந்த வீச்சைத்தான் காட்டுகிறது. இங்கேயும் இரண்டாவது சாட்சியை விசாரிக்கலாம்: சுழற்சி தாமதப்படுகிறதேயன்றித் தொலைந்துபோவதில்லை, ஆகவே முள் எவ்வளவுதான் கூத்தாடினாலும், பத்து மைல் போனபின் தூரமானி சரியாகப் பத்து மைலே காட்டும்.

இதற்கு வைத்தியம் கேபிளைத் துடைத்து, தகுந்த கிரீஸைப் பூசி, கூர்மையான வளைவுகளை நீக்கி மீண்டும் செலுத்துவது. ஆனால் தாராள மனம் இங்கே ஆகாது. கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிதாகப் பூசி, மேற்பகுதியை உலர்ந்ததாகவே விடவேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய விதி. சுற்றுக் கம்பியாலான கேபிள் சுழலும்போது, அதன் புரிகளே கிரீஸை மேல்நோக்கி ஏற்றிக்கொண்டு போகும். அது வேகமானிக்குள் புகுந்து, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் படிந்தால், தொடாமல் இழுக்கவேண்டிய காந்தம் கிண்ணத்தை ஒட்டிப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். வண்டி 25-இல் போகும்போது முள் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நிற்கிற விசித்திரத்துக்குக் காரணம் இதுவே. பினியனைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்துவிட்டால், கியர் பெட்டியின் எண்ணெயும் இதே வழியில் ஏறும். அப்போது வேகமானியைச் சுத்தம் செய்வதோடு சீலையும் மாற்றாவிட்டால், நோய் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

மைல் கற்களின் தீர்ப்பு

இதுவரை கண்டவை கண்ணுக்குத் தெரியும் நோய்கள். முள் ஆடாமல் அசையாமல் கம்பீரமாக நின்றுகொண்டு, நிதானமாகப் பொய் சொல்வதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வண்டிக்கு வெளியே உள்ள ஒரு பிரமாணம் வேண்டும். அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் மைலுக்கு ஒன்றாக நட்டிருக்கும் எண் பலகைகள் இதற்குப் போதும். முள்ளை 60-இல் நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, ஒரு பலகையிலிருந்து மறு பலகைக்குப் போகும் நேரத்தைக் குறிக்கவேண்டும். 60 விநாடி ஆனால் முள் சொல்வது மெய். 56 விநாடியே ஆனால், 3,600-ஐ 56-ஆல் வகுத்துப் பாருங்கள். உண்மையான வேகம் 64 மைலுக்குச் சற்று மேல்.

பிழை இருக்கிறது என்று தெரிந்தபின், அது எந்த ஜாதிப் பிழை என்று காணவேண்டும். 30-இலும் 60-இலும் இருமுறை சோதித்து, இரண்டிலும் 5 மைல்தான் வித்தியாசம் என்றால், அது கூட்டல் பிழை. முள் தன் தண்டின்மேல் நகர்ந்திருக்கிறது, அல்லது சுருள்வில்லின் பிடி இடம் மாறியிருக்கிறது. வண்டி நிற்கும்போதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 5-இல் நின்று இதை ஒப்புக்கொள்ளும். 30-இல் 2 மைலும் 60-இல் 4 மைலுமாக வேகத்தோடு பிழையும் வளர்ந்தால், அது விகிதப் பிழை. விகிதப் பிழைக்குக் காரணம் இரண்டு இடத்தில் இருக்கலாம். அதையும் தூரமானியே தீர்த்துவைக்கும். பத்து மைலுக்குத் தூரமானி சரியாகப் பத்து காட்ட முள் மட்டும் குறைத்துச் சொன்னால், காந்தம் பலம் குன்றிவிட்டது. தூரமானியும் அதே விகிதத்தில் குறைந்து, பத்து மைலுக்கு 9.3 என்று சொன்னால், டயரோ பல் விகிதமோ மாறியிருக்கிறது.

நாம் முன்பு வைத்துக்கொண்ட வண்டியில், மைலுக்கு 728 சுற்றுச் சுற்றும் டயரைக் கழற்றிவிட்டு, கம்பீரத்துக்காக 680 சுற்று மட்டுமே சுற்றும் பெரிய டயரை யாரோ மாட்டியிருந்தால், விளைவது மேற்சொன்ன 56 விநாடியும் 9.3 மைலும்தான். கேபிள் மைலுக்கு 1,000-க்குப் பதில் 934 முறையே சுழல்கிறது. பினியனை மாற்றிச் சீர்செய்யலாம் என்றால், கணக்குப்படி 17¾ பல் வேண்டும். பற்சக்கரத்துக்குப் பின்னப் பல் கிடையாது. 18 பல் போட்டால் முள் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு குறைத்துச் சொல்லும். 17 பல் போட்டால் நாலரை விழுக்காடு கூட்டிச் சொல்லும். வாணிப லாரிகளின் வேகமானி 50 மைல் வேகத்தில் 5 மைலுக்கு மேல் பிசகலாகாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. நம் வண்டியின் பிழை பினியனை மாற்றாமலேகூட அந்த வேகத்தில் மூன்றரை மைல்தான். விதியைத் திருப்தி செய்த வேகமானி உண்மையைத் திருப்தி செய்ததாக ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. டயரை மாற்றாமலே இருந்தாலும் எண் நிலைத்து நிற்பதில்லை. 8 மில்லிமீட்டர் ரப்பர் தேய்ந்தால் சுற்றளவு ஏறக்குறைய 2 விழுக்காடு சுருங்கி, முள் அந்த அளவுக்கு மிகைப்படுத்தத் தொடங்கும்.

கம்பி போய் மின்சாரம் வந்தபின்

கேபிளை நீக்கிவிட்டு மின்சாரத்தைப் புகுத்தியபோது பல நோய்கள் தொலைந்தன. நோயை நிதானிக்கும் நெறி மட்டும் மாறவில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசையில் 1992 மாடல் பிக்கப்புகளில், பின் அச்சின் டிஃபரென்ஷியலுக்குள் 108 பற்களுள்ள வளையம் ஒன்று சுழல, அதன் எதிரே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட சென்சார் ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடந்துபோகும்போது சுருளில் ஒரு மின்துடிப்பு எழுகிறது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு இந்தத் துடிப்பை நேரே வாங்கிக்கொள்கிறது. வேகமானியின் மின்னணுப் பலகையும் வாங்கிக்கொண்டு, டயரின் அளவைக் கணக்கிட்டு, மைலுக்கு 8,000 துடிப்பாக மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் அமைப்புக்கும் அனுப்பிவைக்கிறது.

முன்பு இரண்டாக இருந்த சாட்சிகள் இப்போது நான்கைந்தாகப் பெருகியிருக்கின்றன. முள் விழுகிறபோதெல்லாம் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கும் எரிந்து, எஞ்சின் கம்ப்யூட்டர் ஆளும் தானியங்கிக் கியரும் முரட்டுத்தனமாக மாறினால், எல்லோருக்கும் பொதுவான மூலத்தில், அதாவது சென்சாரிலோ அதன் ஒயரிலோ, குற்றம் இருக்கிறது. பிரேக் விளக்கு மௌனமாக இருக்க, முள்ளும் கியரும் வேகநிறுத்தியும் மட்டும் ஒருங்கே தடுமாறினால், மூலம் நன்றாக இருக்கிறது. வேகமானியின் பலகையிலோ அதற்கு வரும் கிளை ஒயரிலோ பழுது. மற்ற யாவும் ஒழுங்காக நடக்க முள் மட்டும் படுத்தால், முள்ளும் அதைத் திருப்பும் பகுதியுமே பொறுப்பு. வண்டி நின்றுகொண்டிருக்க, எஞ்சினை முடுக்கியவுடன் முள் எழும்பினால், அந்தச் செய்தி சக்கரத்திலிருந்து வரவே இல்லை. ஸ்பார்க் பிளக் ஒயரிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ கசியும் மின்குறுக்கீட்டை வேகமானி சுழற்சி என்று எண்ணிக்கொள்கிறது.

சென்சாரின் இயல்பிலேயே ஒரு குறை உண்டு. சுருளில் எழும் மின்னழுத்தம் பற்கள் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது. வண்டி ஊர்ந்துபோகும்போது துடிப்பு மிகவும் பலவீனமாகிவிடும். பற்சக்கரங்கள் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள்கள், டிஃபரென்ஷியல் எண்ணெயில் மிதந்து வந்து, காந்த நுனியில் கரிய பசைபோல் படிகின்றன. அப்போது நெடுஞ்சாலையில் முள் ஒழுங்காக இருக்கும்; தெருமுனையில் வேகம் குறைத்துத் திரும்பும்போது திடீரென்று பூஜ்யத்துக்கு விழும். சென்சாரைக் கழற்றித் துடைத்துப் போட்டாலே பல வண்டிகளில் குணம் தெரியும். அதன் சுருளின் தடையை மீட்டரால் பார்த்தால் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் அளவில் இருக்கவேண்டும். சென்சாரின் முகப்பில் சரியான எண்ணும், டாஷ்போர்டுப் பக்கத்து ஒயர் முனையில் வேறு எண்ணும் வந்தால், வண்டியின் அடிச்சட்டத்தின் நெடுகே சேற்றிலும் பனிக்கால உப்பிலும் நனைந்து வரும் ஒயரிலோ அதன் இணைப்பிலோதான் பழுது. முன்பு பொதுவழியை நடுவில் வெட்டிப் பார்த்தோமே, அதே முறைதான் இதுவும்.

நின்றுபோன எண்

வேகமானியைச் சீர்செய்தபின் ஒரு கேள்வி எஞ்சும். அது செத்துக் கிடந்த காலத்தில் வண்டி எத்தனை மைல் ஓடிற்று? முள்ளின் பிழை அந்தந்தக் கணத்தோடு போய்விடும். தூரமானியின் பிழையோ என்றென்றைக்கும் கணக்கில் தங்கிவிடும். எண்ணெய் மாற்றுவதும், பேரிங் பார்ப்பதும், வண்டியை விற்கும்போது விலை பேசுவதும் அந்த எண்ணை வைத்தே நடக்கின்றன. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தூரமானியின் எண்ணைக் குறைப்பதைத் தடைசெய்ததோடு, பழுது பார்க்கும்போது பழைய எண்ணை அப்படியே வைக்க முடியாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் வழி வகுத்தது: எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பழுது பார்க்குமுன் இருந்த மைல் இவ்வளவு, பழுது பார்த்த தேதி இன்னது என்று எழுதி, இடப்பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டிவிடவேண்டும்.

இவ்விதி ஒரு யந்திர சாஸ்திரக் கொள்கையாகவும் மதிக்கத்தக்கது. இத்தனை மைல் ஓடியிருக்கும் என்று மதிப்பிட்டு எண்ணைத் திருப்பி வைக்கலாம் என்று அது சொல்லவில்லை. ஏனென்றால் உருளையில் ஏறிவிட்ட எண்ணைப் பார்ப்பவனுக்கு, அது எண்ணப்பட்டதா, ஊகிக்கப்பட்டதா என்று பிரித்தறிய வழியில்லை. வேகமானி எண்ணுவது சுழற்சியை மட்டும்தான். தூரமும் வேகமும் அதற்குமேல் நாம் கட்டிய அநுமானங்கள். எது எண்ணிக்கை, எது அநுமானம் என்ற பேதத்தை மறவாமல், டயர் மாறுந்தோறும் மைல் பலகையோடு ஒப்பிட்டு, அந்த அநுமானத்தை மறுபடி பரீட்சித்து வருகிறவனுடைய வண்டியில், பழைய வேகமானியும் புதியதைவிட நம்பத்தகுந்ததாக இருக்கும்.